மதி மயக்கிய மதி

தமிழில் மதி என்னும் ஒரே சொல் வானத்து நிலவையும் குறிக்கும். மனிதனுடைய அறிவையும் குறிக்கும். இவ்விரண்டு மதிகளும் ஒன்றோடொன்று மோதிய வரலாறு ஒன்று உண்டு. அது நிகழ்ந்த இடம், நாம் படிக்க வந்திருக்கும் இதே டில்லி மாநகரம். அவ்வரலாற்றுக்கு உரியவர் உருது மொழியின் தலைசிறந்த கவிஞர்களுள் ஒருவரான மீர் தகி மீர். இருபது வயது நிரம்புமுன் பித்துப் பிடித்து, சிறிய அறையொன்றில் அடைபட்டுக் கிடந்து, பின்னர்த் தெளிந்து எழுந்து, ஏறத்தாழ 87 ஆண்டுகள் வாழ்ந்து கவிதையுலகில் முடி சூடியவர் அவர். 1982-இல் வெளிவந்த பஜார் என்னும் இந்தித் திரைப்படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய புகழ்பெற்ற கஜல் ஒன்று மீர் இயற்றியதே. அதை நம் விடுதியின் தாழ்வாரங்களில் இன்றும் கேட்கலாம்.

விஞ்ஞானம் பயிலும் ஒருவன் உருதுக் கவிஞரைப் பற்றி நம் சங்க ஏட்டில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். சித்தப் பிரமை என்னும் கொடிய நோய் பெரும்பாலும் பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அதாவது, நம் வயதில். அந்நோயைப் பற்றி இருவகைப் பேச்சுகளையே நான் கேட்டு வந்திருக்கிறேன். ஊரில் உள்ளவர்கள், எல்லாம் பேயின் வேலை என்பார்கள். ஆய்வுக் கூடத்தில் உள்ளவர்கள், எல்லாம் மூளையின் வேதியியல் என்பார்கள். இவ்விரு கூற்றுக்கும் இடையே விடுபட்டுப் போகும் உண்மை ஒன்று உண்டு. அதை மீரின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

பிறப்பும் இளமையும்

மீரின் இயற்பெயர் முகம்மது தகி. 1723-ஆம் ஆண்டில் ஆக்ராவில் பிறந்தார். அந்நாளில் அந்நகருக்கு அக்பராபாத் என்று பெயர். அவருடைய முன்னோர் அரபு நாட்டிலிருந்து முதலில் தக்காணத்துக்கும், அங்கிருந்து அகமதாபாத்துக்கும், பின்னர் ஆக்ராவுக்கும் வந்து குடியேறியவர்கள். பாட்டனாருக்கு ஆண்மக்கள் இருவர். மூத்தவருக்குச் சித்தம் சரியாக இல்லை. அவர் இளமையிலேயே இறந்து போனார். இளையவரே மீரின் தந்தை. இச்செய்தியை மீரே தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். ஜிக்ரே மீர் என்பது அந்நூலின் பெயர். பாரசீக மொழியில் அமைந்தது. தமக்கு வந்த சித்தக் கோளாற்றைத் தாமே எழுதி வைத்த பழங்கவிஞர்கள் மிகச் சிலர். ஆகவே அந்நூல் இலக்கியத்துக்கு மட்டுமன்றி உளநூலுக்கும் ஒரு செல்வமாகும்.

தந்தையார் சூபி ஞானநெறியில் நின்றவர். அலி முத்தகி என்று மக்கள் அவரை அழைத்தனர். இறைவன் மீது கொண்ட காதலில் தம்மை மறந்து கிடப்பதே அவருடைய நாள் முறை. அன்புதான் உலகை இயக்குகிறது, அன்பின்றி எதுவும் இல்லை என்று சிறுவனாகிய மகனுக்கும் அவர் ஓயாமல் உபதேசித்து வந்தார். அவருடைய சீடர் சையத் அமானுல்லா என்பவர் மீரை ஏழு வயதிலிருந்து தம் மகனைப் போல் வளர்த்தார். மீர் அவரைச் சிற்றப்பா என்றே கருதினார்.

மீருக்குப் பத்துப் பதினொரு வயதாகும்போது அமானுல்லா மறைந்தார். சிறிது காலத்துக்குள் தந்தையும் மறைந்தார். துறவி விட்டுச் சென்றவை சில நூல்களும் முந்நூறு ரூபாய்க் கடனுமே. நூல்களை மூத்த தாயின் மகனான அண்ணன் எடுத்துக் கொண்டார். கடன் சிறுவன் தலையில் விழுந்தது.

தலைநகரில் ஓர் அனாதை

பிழைப்புத் தேடிச் சிறுவன் டில்லிக்கு வந்தான். காஜா முகம்மது பாசித் என்னும் நல்லவர் அவனைத் தம் சிற்றப்பனாரும் பேரரசின் பெருந்தலைவருமான சம்சாமுத்தௌலாவிடம் அழைத்துச் சென்றார். மறைந்த துறவியிடம் மதிப்பு வைத்திருந்த அப்பிரபு, நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் உதவித் தொகை வழங்கினார். அன்றைய நிலையில் அது போதுமான பொருளே. ஆனால் அதுவும் நிலைக்கவில்லை. 1739-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாரசீக மன்னன் நாதிர்ஷா படையெடுத்து வந்தான். கர்னால் போரில் சம்சாமுத்தௌலா பட்ட காயத்தால் உயிர் துறந்தார். ஒரு ரூபாயும் அவருடன் போயிற்று.

மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் டில்லியில் நாதிர்ஷாவின் ஆணைப்படி பெரும் படுகொலை நிகழ்ந்தது. ஒரே நாளில் இருபதாயிரம் பேருக்கு மேல் மாண்டனர் என்று மதிப்பிடுவர். சாந்தினி சௌக்கில் பொற்கூரை வேய்ந்த சிறிய மசூதி ஒன்று இருக்கிறதே, அங்கு இருந்துகொண்டுதான் நாதிர்ஷா அக்கொலையைக் கண்காணித்தான் என்பது வரலாறு. விசுவவித்தியாலயா நிலையத்தில் மெட்ரோ ஏறினால் நான்காவது நிலையம் சாந்தினி சௌக். நம்மிற் பலர் அம்மசூதியைப் பாராமலே கடந்து சென்றிருப்போம்.

இத்தகைய டில்லிக்குத்தான் மீர் இரண்டாம் முறை வந்தார். இம்முறை அவர் அடைந்த இடம் கானே ஆர்சூ என்னும் பேரறிஞரின் வீடு. அவர் அண்ணனுக்குத் தாய்மாமன். மீருக்கு அவ்வுறவு மாற்றாந்தாய் வழிப்பட்டது. சிறிது காலம் அமைதியாகக் கழிந்தது. பிறகு அண்ணனிடமிருந்து ஆர்சூவுக்குக் கடிதம் வந்தது. இப்பையன் பொல்லாதவன், இவனை வளர விடாதீர்கள் என்பது அதன் கருத்து. அன்று முதல் ஆர்சூ எதற்கும் எரிந்து விழுந்தார் என்று மீர் எழுதுகிறார். தந்தையில்லை, வருவாயில்லை, சோறிடும் வீட்டில் முகமில்லை, ஊரோ பிணக்காட்டிலிருந்து அப்போதுதான் மீண்டு கொண்டிருந்தது. இளைஞர் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனிமையில் அமரத் தொடங்கினார்.

நிலவில் தோன்றிய உருவம்

அதன் பிறகுதான் அது நிகழ்ந்தது. நிலாக் காலத்து இரவுகளில் வானத்து வட்டத்திலிருந்து பேரழகு வாய்ந்த உருவம் ஒன்று இறங்கி அவரை நோக்கி வரலாயிற்று. எத்திசையில் திரும்பினாலும் அம்முகமே. கதவிலும் கூரையிலும் முற்றத்திலும் அம்முகமே. இரவெல்லாம் அதனோடு இருப்பார். விடிந்ததும் அது மறைய, அவர் வெறி கொண்டவராய்க் கையில் கல்லை ஏந்தித் தள்ளாடித் திரிவார். கண்டவர்கள் விலகி ஓடினர். நான்கு திங்கள் இவ்வாறு கழிந்தன. ஜிக்ரே மீரில் சுருக்கமாகச் சொன்ன இச்செய்தியை, குவாபோ கயால் என்னும் உருதுக் கதைப் பாட்டில் மீர் விரிவாகப் பாடியிருக்கிறார்.

இது கவிஞரின் கற்பனை என்றும், ஆக்ராவில் விட்டுவந்த காதலியையே மறைபொருளாகப் பாடினார் என்றும் கூறுவோர் உண்டு. இருக்கலாம். இருநூற்று எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இருந்துகொண்டு நோய்க்குப் பெயரிடுவது மருத்துவருக்கும் எளிதன்று. ஆயினும் குடும்பத்தில் முன்பே இருந்த நோய், இளமையில் அடுத்தடுத்து நேர்ந்த சாவுகள், வறுமை, அவமதிப்பு, குடிபெயர்ச்சி, தனிமை, அவற்றின் பின் இல்லாததைக் காணும் பொய்த்தோற்றம் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், இன்றைய மருத்துவ நூல் எதனையும் அது மறுக்கவில்லை.

ஏன் நிலவு? ஏன் முகம்?

இங்கேதான் நம் வினா தொடங்குகிறது. நோய் மூளையில் பிறந்தது என்றே கொள்வோம். அது ஏன் நிலவின் வடிவில் வந்தது?

நம் பாட்டிமார் நமக்கு நிலவைக் காட்டி, அங்கே ஒரு கிழவி வடை சுடுகிறாள் என்றார்கள். அங்கே முயல் இருக்கிறது என்று வேறு சிலர் சொன்னார்கள். ஐரோப்பியக் குழந்தைகளுக்கு அதே இடத்தில் ஓர் ஆண்மகன் தெரிகிறான். நிலவின் மேற்பரப்பில் உண்மையில் இருப்பவை, பண்டு உருகிப் பரவி உறைந்த எரிமலைக் குழம்பின் கருநிறச் சமவெளிகள். கறை எங்கும் ஒன்றே. ஆனால் கிழவியையும் முயலையும் ஆண்மகனையும் தருவது அவ்வவ் வீட்டுக் கதை. நம் பாட்டியின் கதை நோயன்று. அதை அவளும் நம்பவில்லை, நாமும் நம்பவில்லை. எனினும் சித்தப் பிரமையில் மனம் வேலை செய்யும் முறைக்கு இதனை ஓர் உவமையாகக் கொள்ளலாம். கறையைத் தருவது நோய். அதில் முகத்தை வரைவது பண்பாடு. கார்ல் யாஸ்பர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1913-இல் வெளியிட்ட உளநோய் நூலில் நோயின் வடிவம் வேறு, அதன் உள்ளுறை வேறு என்று பிரித்துக் காட்டியதும் ஏறத்தாழ இக்கருத்தே.

மீர் வளர்ந்த உலகில் காதலியின் முகம் மதிமுகம். பாரசீக, உருதுக் கவிதைகள் யாவும் அப்படித்தான் பாடின. நம் தமிழ்க் கவிஞர்களும் அவ்வாறே பாடினார்கள். அவ்வுலகில் காதலுக்கு இலக்கணமானவன் மஜ்னூன். அச்சொல்லுக்கே ஜின் பிடித்தவன் என்பதுதான் பொருள். சௌதா என்றால் கரும்பித்தம். அதனால் விளையும் பித்துக்கும் அதுவே பெயர். மீரின் காலத்தில் வாழ்ந்த மற்றொரு பெருங்கவிஞர் அச்சொல்லையே தம் புனைபெயராகச் சூடிக்கொண்டார். இறைக்காதலும் மனிதக் காதலும் பித்தும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்த வீட்டில் பிறந்த பிள்ளை அறிவு கலங்கியபோது, நிலவிலிருந்து அழகியொருத்தி இறங்கி வந்ததில் வியப்பென்ன?

கடல் கடந்து பாருங்கள். மீர் 1810-இல் இறந்தார். அதே 1810-இல் இலண்டனில் ஜான் ஹாஸ்லம் என்னும் மருத்துவர் ஒரு நூல் வெளியிட்டார். பெத்லம் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டிருந்த ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ் என்னும் தேயிலை வணிகரைப் பற்றியது அது. ஒரு கும்பல் காற்றினால் இயங்கும் தறியொன்றை மறைவிடத்தில் அமைத்து, அதன் காந்தக் கதிர்களால் தம் எண்ணங்களை ஆட்டி வைக்கிறது என்று மாத்யூஸ் உறுதியாக நம்பினார். ஆலைகளும் தறிகளும் காற்றைப் பற்றிய புதிய வேதியியலும் எழுந்து கொண்டிருந்த நாட்டில் கலங்கிய மனம் எந்திரத்தைக் கண்டது. கஜல் ஒலித்த நாட்டில் கலங்கிய மனம் நிலவைக் கண்டது.

காலம் மாறினால் இதுவும் மாறும். சுலோவேனியா நாட்டின் லியூப்லியானா நகர மருத்துவமனையில் 1881 முதல் 2000 வரை பதிவான நோயாளிகளின் ஏடுகளை ஆய்ந்தார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் பரவிய பிறகு, கருவிகளின் வழியாகத் தம்மை யாரோ ஆட்டுவிக்கிறார்கள் என்னும் நம்பிக்கை பெருகியதைக் கண்டார்கள். நம் சென்னையைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. தான்யா லூர்மன் என்னும் மானிடவியலாரும் சென்னை மருத்துவர்கள் சிலரும் சேர்ந்து செய்து 2015-இல் வெளியிட்டது அது. கலிபோர்னியாவின் சான் மத்தேயோ, கானா நாட்டின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் இருபதின்மர் வீதம், காதில் குரல் கேட்கும் நோயாளிகளைக் கண்டு பேசினர். அமெரிக்கர் பலருக்கு அக்குரல் போரும் வதையும் பேசும் பகைவனாக இருந்தது. அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரலாக இருந்தது. சென்னையிலோ பாதிக்கு மேற்பட்டோர் கேட்டது உறவினரின் குரல். குளி, சாப்பிடு, வேலையைப் பார் என்று அதட்டும் குரல். பித்து முற்றிய நிலையிலும் தமிழனை விட்டு அத்தையும் மாமனும் போகவில்லை!

தந்தையும் மகனும்

இங்கு ஓர் ஐயம் எழும். தந்தை அலி முத்தகியும் தம்மை மறந்து கிடந்தவரே. அவரை ஊர் துறவி என்று வணங்கிற்று. மகனை நோயாளி என்று அடைத்தது. இது ஒருதலைப்பட்சம் அல்லவா?

அன்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்த் திருவிழாவில் சாமியாடுகிறவரை எண்ணிப் பாருங்கள். உடுக்கை ஒலிக்கச் சாமி வரும், குறி சொல்லும், திருநீறு கொடுக்கும், பின்னர்ச் சாமி மலையேறிவிடும். மறுநாள் காலை அதே மனிதர் ஏர் பூட்டி வயலுக்குப் போவார். ஊர் அவரை நோயாளி என்று சொல்லுவதில்லை. சாமி மலையேறாமலே இருந்து, உண்ணாமல் உறங்காமல், பெற்ற பிள்ளையையும் அறியாமல் ஒருவர் நின்றுவிட்டால், அதே ஊர் அடுத்த நாளே கவலை கொள்ளத் தொடங்கும். எது பக்தி, எது நோய் என்பதற்கு ஊரிடம் ஓர் அளவுகோல் உண்டு. அலி முத்தகி பரவசத்திலிருந்து திரும்பி வந்து சீடர்களுக்குப் போதித்தார். மகனை மடியில் வைத்து வளர்த்தார். மகனுக்கோ திரும்பி வரும் வழி அடைபட்டுவிட்டது. கையில் கல் ஏறிவிட்டது.

இன்றைய மனநோய் மருத்துவமும் இதே அளவுகோலைத் தன் இலக்கணத்தில் ஏற்றிருக்கிறது. அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கத்தின் நோய் வகை நூல், ஒருவர் வாழும் சமூகத்தினர் இயல்பாக ஏற்கும் நம்பிக்கையைப் பிரமை என்று கொள்ளலாகாது என்கிறது. 2013-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, நோயாளியின் பண்பாட்டைக் கேட்டறிவதற்கென்றே ஒரு வினாத் தொகுப்பையும் சேர்த்திருக்கிறது. ஆகவே சமயத்தைக் கேலி செய்வதும் விஞ்ஞானம் அன்று. நோயைச் சமயம் என்று போர்த்தி மறைப்பதும் பக்தி அன்று.

மருந்தும் மந்திரமும்

மீருக்கு நிகழ்ந்த மருத்துவத்தைப் பார்ப்போம். பக்ருத்தீன் கான் என்பவரின் மனைவி மீரின் தந்தையிடம் பக்தி கொண்ட அம்மையார். ஆர்சூவின் வீடு கைவிட்ட இளைஞரை அவர் கைவிடவில்லை, பெரும்பொருள் செலவிட்டார். மந்திரவாதிகள் வந்து ஓதினர். யூனானி வைத்தியர்கள் வந்து கரும்பித்தம் மிகுந்துவிட்டது என்னும் தம் கொள்கைப்படி இரத்தம் வடித்தனர். சிறு அறையில் அடைத்தும் வைத்தனர். மீருக்கு அது சிறையாகவே இருந்தது. இலையுதிர் காலம் வந்தது. நிலவின் முகம் சிறிது சிறிதாக மங்கி மறைந்தது.

இவற்றைக் கேட்டு நகைக்க நமக்கு உரிமை இல்லை. பித்தம் தலைக்கேறினால் பித்து என்பது நம் தமிழ் மருத்துவமும் கண்ட கொள்கையே. அச்சொற்களே அதற்குச் சான்று. நம் நாட்டில் குணசீலம் போன்ற திருத்தலங்களுக்கு இன்றும் மனநோயாளரை அழைத்துச் செல்கின்றனர். அங்கெல்லாம் நடப்பது வெறும் ஏமாற்றுத்தானா? பெங்களூர் மருத்துவர் இரகுராமும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளரை ஆராய்ந்தனர். சில வாரத் தங்கலில் நோய்க்குறிகள் சராசரியாக ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பங்கு குறைந்திருந்தன. மந்திரமோ மருந்தோ அதற்குக் காரணம் அன்று. அச்சுறுத்தாத, ஆதரவான இடத்தில் குடும்பத்தாருடன் தங்கியிருந்ததே காரணம் என்று அவர்கள் கருதினர்.

ஆனால் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தோரைத் தங்க வைத்திருந்த தனியார் விடுதியொன்றில் தீப்பிடித்தது. உள்ளிருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர், ஓட முடியவில்லை. 28 உயிர்கள் மடிந்தன. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுதலை முற்றிலும் தடை செய்கிறது. அம்மையாரின் அன்பும், இளைஞரை அடைத்த அறையும் ஒரே பண்பாட்டின் இரு கைகள். எந்தக் கையை நாம் பற்றப் போகிறோம் என்பதே வினா.

வழிப்போக்கர் ஒருவர்

உருவம் மறைந்துவிட்டது. ஆனால் பித்தன் என்னும் பெயர் மறைந்துவிடுமா? மீர் ஒரு நாள் தெருவில் அமர்ந்து கையில் ஏதோ நூலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த ஒருவர் அவரைக் கண்டு அருகில் அமர்ந்தார். பட்னாவைச் சேர்ந்த மீர் ஜாபர் என்பது அவர் பெயர். பிளாசிப் போரில் பெயர் கெட்டவர் அல்லர், இவர் வேறு. உமக்குப் படிப்பில் ஆசை இருப்பதாகத் தெரிகிறது, விரும்பினால் நான் வந்து கற்பிக்கிறேன் என்ற பொருள்பட அவர் பேசினார். தம்மிடம் கொடுக்கப் பொருள் இல்லையே என்று மீர் தயங்கினார். காலையில் சிறிது உணவு கிடைத்தால் போதும் என்றார் வந்தவர். அன்று முதல் பாடம் நடந்தது. ஊரிலிருந்து கடிதம் வந்து பட்னாவுக்குத் திரும்பும் வரையில் அவர் கற்பித்தார். அதன் பிறகு அம்ரோகாவைச் சேர்ந்த சையத் சாதத் அலி என்பவர், ரேக்தா என்று அந்நாளில் வழங்கிய உருது மொழியில் கவிதை எழுதும்படி மீரைத் தூண்டினார்.

பிறகு நடந்தது உலகறிந்தது. 1752-இல் உருதுக் கவிஞர்களைப் பற்றிய நூல் ஒன்றை எழுதி முடித்தார். அப்தாலியின் படைகள் டில்லியை மீண்டும் மீண்டும் சூறையாடியபோது ஊரை விட்டு வெளியேறினார், திரும்பி வந்தார், இடிந்த தெருக்களைப் பார்த்து அழுதார். 1782-இல் நவாபு ஆசபுத்தௌலாவின் அழைப்பின் பேரில் லக்னோ சென்றார். 1810 செப்டம்பரில் அங்கேயே மறைந்தார். உருதுக் கவிதைத் தொகுதிகள் ஆறு அவர் விட்டுச் சென்றவை. சொல்லுலகின் கடவுள் என்று உருது மக்கள் அவரைப் போற்றுகின்றனர். காலிப் போன்ற செருக்குள்ள கவிஞரும் அவருக்குத் தலை வணங்கினார். தம்மை அலைக்கழித்த பித்தையும் நிலவையும் காதலையும் அவர் வாழ்நாள் முழுதும் பாடினார். ஆனால் பாடியபோது அவை அவருக்கு அடங்கியிருந்தன.

நமக்கு உரியது

மீர் பிறந்த ஆக்ரா மனநோய் ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ஊர் என்பது பலருக்குத் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளிகளைக் கொண்டு பெரும் ஆய்வொன்றைத் தொடங்கியது. இந்தியாவுக்கு ஆக்ராவே ஆய்வு மையம். சித்தப் பிரமையின் அடிப்படைக் குறிகள் மாஸ்கோவிலும் இலண்டனிலும் ஆக்ராவிலும் ஒத்திருக்கக் கண்டனர். ஆனால் ஆண்டுகள் சில கழித்துப் பார்த்தபோது, ஆக்ராவிலும், நைஜீரியாவின் இபாதானிலும், கொலம்பியாவின் காலியிலும் நன்கு தேறியோர் தொகை, செல்வ நாட்டு நகரங்களைவிட மிகுதியாக இருந்தது. ஏன் என்பதில் அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். முடிவையே ஐயுறுவோரும் உண்டு. குடும்பமும் ஊரும் நோயாளிக்கு ஓர் இடத்தையும் ஒரு வேலையையும் ஒதுக்கி வைத்திருந்தது காரணமாகலாம் என்பது பலர் கருத்து. மீரின் வாழ்க்கையைப் படித்த எனக்கு அக்கருத்து பொருத்தமாகவே படுகிறது.

அந்த இடத்தை நாம் இங்கே ஒதுக்கி வைத்திருக்கிறோமா? 1932-இலேயே ஓதேகார்டு என்னும் நார்வே நாட்டு அறிஞர், அமெரிக்காவில் குடியேறிய நார்வேக்காரரிடையே இந்நோய் தாய்நாட்டாரைவிட மிகுதியாக இருப்பதைக் கண்டார். குடிபெயர்ந்தவர்க்கு இடர் மிகுதி என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் உறுதி செய்தன. நாம் நாடு விட்டு வந்தவர்கள் அல்லோம். எனினும் மொழி விட்டு, உணவு விட்டு, உறவு விட்டு வந்தவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடையே பயின்ற தமிழ் மாணவர் ஒருவர், தம் கைப்பேசியின் வழியாக யாரோ தம் எண்ணங்களைக் களவாடுகிறார்கள் என்று நம்பத் தொடங்கினார். பெற்றோர் வந்து அழைத்துச் சென்றனர். குலதெய்வத்தையும் வேண்டினர், மருத்துவரிடமும் காட்டினர். ஆறு திங்களில் தெளிந்து திரும்பினார். திரும்பியவரின் அருகில் உணவுக் கூடத்தில் அமரப் பலர் தயங்கினர். அவர் அடுத்த பருவத்தில் படிப்பை விட்டுச் சென்றார். நோய் அவரை விட்டுவிட்டது. நாம்தான் அவரைத் திரும்பச் சேர்த்துக் கொள்ளவில்லை.

அன்பு நண்பர்களே, நோய் வந்தால் மருத்துவம் வேண்டும், அதில் ஐயமில்லை. இரத்தம் வடித்த காலம் போய், நல்ல மருந்துகள் வந்த காலம் இது. தில்ஷாத் கார்டனில் மனித நடத்தை, துணை விஞ்ஞானக் கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் கோயிலுக்கும் அழைத்துச் செல்ல விரும்பினால் அவர்களோடு சண்டையிட வேண்டியதில்லை. மருத்துவரிடம் செல்வதற்கு அது தடையாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நிலவில் எந்த முகம் தெரியும் என்பதை நோயாளியின் ஊரும் சமயமும் தீர்மானிக்கின்றன. அம்முகம் மறைந்த பின் அவர் யாருடைய முகத்தைப் பார்ப்பார் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நாம். பட்னாவிலிருந்து வந்த அவ்வழிப்போக்கர் மருத்துவர் அல்லர், மந்திரவாதியும் அல்லர். பித்தன் என்று ஊர் ஒதுக்கிய ஒருவனின் பக்கத்தில் அமர்ந்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டவர், அவ்வளவே. அது நம்மாலும் ஆகக்கூடியது.